உள்ளே வந்த முதல் ஃபேக்ஸ்

வரைபடக்காரர் ஒரு சபதம் எடுத்தார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எடுத்தார்.

“இந்தக் கார்டை நானேதான் மாட்டுவேன். உன் அத்தான் கால் இந்த வாசல்ல படக்கூடாது.”

மனைவி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“காலைப் பத்தி யார் பேசினா? அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொன்னேன்.”

“கேட்டா வருவாரு.”

“வந்தா என்ன?”

“வந்தா போக மாட்டாரு.”

பிரச்சினை அவ்வளவுதான். சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

அவருக்குத் தொழில் கட்டட வரைபடம் போடுவது. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு சுழல் நாற்காலி. வேலை கொடுக்கும் கான்ட்ராக்டர், ஜன்னலை நகர்த்து, கதவைத் திருப்பு என்று திருத்தம் எழுதி ஃபேக்ஸ் அனுப்புவார். அதை வாங்கத் தெருமுனைக் கடைக்கு ஓட வேண்டும். கடைக்காரர் முதலில் தான் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். சில சமயம் ஜன்னல் பழைய இடத்திலேயே இருக்கலாம் என்று அபிப்பிராயமும் சொல்வார். பட்டது போதும் என்றுதான் வரைபடக்காரர் ஃபேக்ஸ் மோடம் கார்டு வாங்கி வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. கம்ப்யூட்டருக்குள் சொருகி டெலிபோன் வயரைக் கொடுத்தால், ஃபேக்ஸ் நேராக வீட்டுக்கே வந்து பிரின்டரில் விழும்.

அத்தான் என்பது மனைவியின் அக்கா வீட்டுக்காரர். இவருக்குச் சகலை. ரேடியோ மெக்கானிக். தங்கமான மனுஷன். தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் துரத்திவிடலாம்.

போன தடவை பிரின்டரைச் சரிபார்க்க வந்தார். கொடுத்த டீ ஆறுவதற்குள் சரிபார்த்தும் விட்டார். வந்ததுதான் வந்தோம் என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அப்புறம் ஃபேன். அவர் திரும்ப மாட்டிய ஒவ்வொன்றிலும் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். கேட்டால், கம்பெனிக்காரன் பயத்தில் ஜாஸ்தியாகப் போட்டுவிடுகிறான் என்பார். ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய ஸ்க்ரூ சேர்ந்தது. ஆனால் கடிகாரம் ஓடியது, ஃபேன் சுற்றியது. அது இன்னும் எரிச்சல்.

சகலைக்குப் படுக்கை முன்னறையில். பேச்சும் முன்னறையில்தான், விடிந்ததிலிருந்து. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வரைந்த ஒரு வீட்டில் மாடிப்படி குளியலறைக்குள் போய்விட்டது. குளிக்கிறவரைத் தாண்டித்தான் மாடி ஏற வேண்டும். வீட்டுக்காரர் துண்டோடு நின்று விருந்தாளியை வரவேற்கட்டும் என்கிறீர்களா என்று கான்ட்ராக்டர் கேட்டார். கேட்ட விதம் நன்றாக இல்லை.

இப்போது கையில் இருப்பது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். இதிலும் கோளாறு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். முன்னறை நிம்மதியாக இருந்தால்தான் பள்ளிக்கூடம் ஒழுங்காக வரும். அதற்குச் சகலை வரக்கூடாது. சகலை வராமலிருக்க, கார்டு வேலை செய்தாக வேண்டும்.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் அக்காவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அதை அவள் சொல்லவில்லை.

“சரி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு ஃபேக்ஸ் உள்ள வரட்டும். வந்துட்டா அத்தானை ரிப்பேருக்குன்னு கூப்பிட மாட்டேன்.”

“வந்ததை வரலைன்னு சொல்லக்கூடாது.”

“நான் ஏன் சொல்றேன்?”

“சொல்லவும் முடியாது. ஃபேக்ஸுங்கறது ஆதாரம். வாய்ப்பேச்சு மாதிரி இல்ல. வந்துட்டா வந்ததுதான், யாரும் மறுக்க முடியாது.”

“ஓஹோ” என்றாள் மனைவி.

அந்த ஓஹோவை அவர் கவனித்திருக்க வேண்டும். கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தார். உள்ளே கார்டு சொருக இடமில்லை. எல்லா வரிசையிலும் ஏதோ ஒன்று ஏற்கெனவே குடியிருந்தது. பாட்டுக் கேட்பதற்கான சவுண்டு கார்டைப் பிடுங்கி அந்த இடத்தில் மோடத்தைத் திணித்தார். கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. போகட்டும், வேலை செய்கிற இடத்தில் பாட்டு எதற்கு?

கம்ப்யூட்டரைப் போட்டார். மவுஸ் செத்துவிட்டது.

மவுஸும் மோடமும் ஒரே வாசலில் நுழையப் பார்ப்பதால் வரும் தகராறு இது என்று கார்டோடு வந்த புத்தகம் சொன்னது. தீர்வும் சொன்னது. கார்டில் ஒரு அரிசி அளவுத் தொப்பி இருக்கும். அதைக் கழற்றிப் பக்கத்து ஊசிகளில் மாட்ட வேண்டும். கழற்றினார். பறந்தது. மேசைக்கடியில், நாற்காலிக்கடியில், தன் சட்டைப்பைக்குள் எல்லாம் தேடினார். மத்தியானம் மனைவி பெருக்கும்போது குப்பையிலிருந்து பொறுக்கி நீட்டினாள்.

“இது உங்களுதா? இல்ல, கம்பெனிக்காரன் ஜாஸ்தியா போட்டதா?”

வாங்கி மாட்டினார். மவுஸ் பிழைத்தது. இனி டெலிபோன் வயர்தான். கார்டின் முதுகில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை. ஒன்றில் சுவரிலிருந்து வரும் வயர், இன்னொன்றில் முன்னறை போன். ஹாலில் இருக்கும் போனுக்கும் அதே லைன்தான், ஆனால் வயர் தனி, அதை யாரும் தொடவில்லை. வரைபடக்காரர் ரெண்டு வயரையும் சொருகினார். எந்த ஓட்டையில் எது என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்.

கான்ட்ராக்டர் நம்பரைப் போட்டு அனுப்பு என்றார். டயல் டோன் இல்லை என்று திரையில் எழுதி வந்தது.

மறுபடி. இல்லை.

மறுபடி. இல்லை.

“வயரைப் பாருங்களேன்” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

“போனை எடுத்துக் காதுல வெச்சுப் பாரு. ர்ர்ருனு கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப வயர் சரி. படம் வரையறவன் நானா நீயா?”

“இதுல என்ன படம் இருக்கு?”

அவருக்கு ஒரு யோசனை வந்தது. மிஷினுக்குப் பொறுமை இல்லை. டயல் டோன் வருவதற்குள் அவசரப்பட்டு இல்லை என்கிறது. செட்டிங்கில் போய், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற இடத்தில் இருப்பதிலேயே பெரிய எண்ணைப் போட்டார். மோடத்தின் உடம்பிலேயே குட்டியாக ஒரு ஸ்பீக்கர் உண்டு, லைனில் கேட்பதை அது வெளியே சொல்லும். அதையும் முழுச் சத்தத்தில் வைத்தார். இப்போது மிஷின் பொறுமையாகக் காத்திருந்து, ரொம்ப நேரம் கழித்து இல்லை என்றது.

வெள்ளி போனது. சனி வந்தது. அவர் முகத்தில் தாடி வந்தது. மனைவி ஹாலில் அக்காவோடு போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ரெண்டு என்று ஒரு தடவை காதில் விழுந்தது. ரெண்டு பேரும் வருகிறார்கள் என்று பேசுகிறாள் போல, தோல்விக்கு ஏற்பாடு நடக்கிறது என்று நினைத்தார். கடுப்பில் கார்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்து, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பட்டனை அமுக்கினார்.

ர்ர்ர் என்றது பெட்டி.

டயல் டோன். வீடு முழுக்கக் கேட்டது. வரைபடக்காரர் துண்டோடு ஹாலுக்கு ஓடினார்.

“ஸ்க்ரூ! லூசா இருந்தது ஸ்க்ரூ! ஒரு முறுக்கு முறுக்கினேன் பாரு, வழிக்கு வந்துடுச்சு.”

“அப்படியா” என்றாள் மனைவி. “கை வலிக்கலையே?”

உடனே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, ஒரு ஃபேக்ஸ் அனுப்புங்கள், எதுவானாலும் சரி, வெறும் காகிதமானாலும் சரி என்றார். கான்ட்ராக்டர் வெளியூர் வேலையில் இருக்கிறார், திங்கள்கிழமைதான் அனுப்ப முடியும் என்றது அவர் ஆபீஸ்.

திங்கள்கிழமை. பந்தயமோ சனிக்கிழமை சாயங்காலம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அரைச் சுற்று சுற்றிச் சுவரைக் காட்டி நின்றது. சுவரில் சகலை மாட்டிய கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இதோ இந்த மேசைக்கடியில்தான் பாய் விரிப்பார். இங்கிருந்துதான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்குள் எந்தப் படிக்கட்டு போகப் போகிறதோ.

அப்போது டெலிபோன் மணி அடித்தது.

மனைவி ஹாலில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டவில்லை.

“எடேன்.”

“நான் எதுக்கு? உங்க மிஷின் எடுக்கட்டும்.”

மிஷின் எடுத்தது. கீச்சென்று ஒரு அலறல், கரகரவென்று ஒரு இழுப்பு. அப்புறம் திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. பிரின்டர் இருமியது. காகிதம் தலையை நீட்டியது, கொஞ்சம் யோசித்தது, முழுசாக விழுந்தது.

அதைப் படிக்காமலேயே தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஹாலுக்குப் போனார்.

“வந்துடுச்சு. உள்ள வந்துடுச்சு. வெளிச்சம் இருக்கு, இன்னும் சாயங்காலம்தான். ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன். யார்கிட்டருந்து?”

அப்போதுதான் திருப்பிப் பார்த்தார். கோணல்மாணலான கையெழுத்து.

‘அன்புள்ள சகலைக்கு, கார்டு மாட்டியதற்கு வாழ்த்துகள். கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஃபேக்ஸ் மிஷினிலிருந்து இதை அனுப்புகிறேன், எனவே எனக்கும் சோதித்த மாதிரி ஆயிற்று. நானும் என் வீட்டுக்காரியும் நாளைக் காலை பஸ்ஸில் வருகிறோம். ரிப்பேருக்கு அல்ல. கார்டைப் பார்க்க. எதற்கும் ஸ்க்ரூடிரைவர் கொண்டு வருகிறேன்.’

அவர் ரெண்டாவது தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

“கூப்பிட மாட்டேன்னு சொன்னியே.”

“ரிப்பேருக்குன்னு கூப்பிட மாட்டேன்னேன். கூப்பிட்டேனா? அவங்களா வராங்க.”

“நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிடுவேன்.”

“அதெப்படி? ஃபேக்ஸுங்கறது ஆதாரமாச்சே. வந்துட்டா வந்ததுதானே?”

“பள்ளிக்கூடத்தை நான் எங்க உக்காந்து வரையறது?”

அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். ஹாலில் அவளும் அக்காவும் பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னறையில் அத்தான் இருப்பார். அமைதியான இடம் அடுப்படிதான். மேசை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அப்படியே அரிசி வெந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடக்காரர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தோற்கிற ஆள் இல்லை அவர். ஃபேக்ஸுக்கு ஃபேக்ஸால் பதில். வீட்டில் வெள்ளையடிக்கிறோம், எங்கும் வாளி, வழுக்கி விழுந்துவிடுவீர்கள், அடுத்த வருஷம் வாருங்கள் என்று அடித்தார். வந்த ஃபேக்ஸின் தலையில் அச்சாகியிருந்த சகலையின் நம்பரையே போட்டார். அனுப்பு பட்டனை அமுக்கினார்.

ர்ர்ர் வரவில்லை. மிஷின் பொறுமையாகக் காத்திருந்தது. இருப்பதிலேயே பெரிய எண்ணை அவர்தானே போட்டிருந்தார். காத்திருக்கும்போது குட்டி ஸ்பீக்கரிலிருந்து, முழுச் சத்தத்தில், ஒரு பெண் குரல் வந்தது. மனைவியின் அக்கா. ஹாலில் அதற்குள் போனை எடுத்திருக்கிறாள் இவள்.

“வயரை மாத்திச் சொருகினது நீதான்னு சொல்லிட்டியாடி?”

“எதுக்குக்கா? அத்தான் சொன்ன மாதிரி இந்த ஓட்டையில இருந்ததை அந்த ஓட்டையில போட்டேன், அவ்வளவுதானே. அவரு ஸ்க்ரூவை முறுக்கினதுல சரியாச்சுன்னு நெஞ்சை நிமித்திட்டிருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்.”

வரைபடக்காரர் நெஞ்சைப் பார்த்தார். அது தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் குனிந்து, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தார்.

“ஒரு நிமிஷம் இருக்கா, லைன்ல ஏதோ மூச்சு வாங்கற மாதிரி இரையுது” என்றாள் மனைவி. அப்புறம் கம்ப்யூட்டர் அவரைப் பார்த்தே பேசியது.

“ஏங்க, கேட்டது போதும், லைனை விடுங்க. அந்த ஸ்க்ரூ பாட்டில் பத்திரமா இருக்கான்னு அத்தான் கேக்கறாரு.”