நான்தான் முதல்ல செஞ்சேன்

மண்டபம் ஊருக்குப் போகிற வழியில் ஒரு டிராக்டர் சீமைக்கருவை மரத்தைத் தூரோடு பிடுங்கிப் போட்டதைப் பார்த்ததும் உக்கிரபாண்டி பைக்கை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ் அலறியது அவர் காதில் விழவே இல்லை.

டிராக்டருக்குப் பின்னால் பூட்டியிருந்த இரும்புக் கொக்கி அவருடையது! திருப்புல்லாணியில் மிளகாய் விவசாயம் பார்த்துக்கொண்டே அவர் கண்டுபிடித்து, பேட்டண்டும் வாங்கிய கருவைப்பிடுங்கி!

"ஏலே, இத யாரு செஞ்சது?" என்று டிராக்டர்காரனிடம் பாய்ந்தார்.

"மண்டபத்துல சுலைகா அக்கா லேத் பட்டறைலண்ணே. பிரமாதமா இழுக்குது. நீங்களும் ஒண்ணு வாங்கிப்போடுங்க."

அன்று மதியமே மனைவி மகேஸ்வரியுடன் ராமநாதபுரத்தில் வக்கீல் நாகேந்திரன் முன்னால் போய் நின்றார். "கேஸப் போடுங்க சார்! ஐகோர்ட்டு வரைக்கும் பாத்துருவோம்!"

"கோவத்துல முடிவெடுக்கக் கூடாதுண்ணே. ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, எத்தனை வருஷம் இழுக்கும், ஜெயிச்சா என்ன மிஞ்சும், எல்லாத்தையும் பாக்கணும். இன்னைக்கு நெலமைக்கு நூத்துக்கு அறுபது நம்ம பக்கம்."

"அப்ப நாப்பது தோக்குறதுக்கா?" என்றாள் மகேஸ்வரி. "ஏங்க, பேசாம சமாதானமாப் போயிருவோம்."

"அறுபத நூறாக்கிக் காட்டுறேன் பாரு!"

சாட்சிக்கு ஒரு மிஷின் வேண்டும் என்று சுலைகாவின் பட்டறையிலேயே ஆள் விட்டு ஒன்று வாங்கினார். கொல்லையில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அவருடைய மிஷின் மூன்று முறை முக்குகிற மரத்தை இது ஒரே இழுப்பில் சாய்த்தது. வேடிக்கை பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் அங்கேயே போன் நம்பர் கேட்டார்கள். சுலைகாவின் நம்பர்!

"கொக்கியோட வளைவ மாத்தி நல்லாவே செஞ்சிருக்காங்க," என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "இப்ப அம்பதுதான்."

வக்கீல் நோட்டீஸ் போனது. மறுநாளே சுலைகா போனில் கூப்பிட்டாள். "எதுக்குண்ணே கோர்ட்டும் கேஸும்? வாங்க, பேசிக்குவோம்."

"பயந்துட்டா!" என்று உக்கிரபாண்டி துள்ளினார். "இப்பத்தான் ஓங்கி அடிக்கணும்!"

நான்தான் முதலில் செய்தேன் என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று கிளம்பினார். ஒரு வேன் நிறைய ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வக்கீல் வீட்டு வாசலில் இறக்கினார்.

"இம்புட்டுப் பேரும் சாட்சி சார்! நம்ம ஊர்த் திருவிழாவுல, கோயில் பொட்டல்ல, அத்தன சனத்துக்கும் முன்னால பிடுங்கிக் காட்டுனேன். வீடியோகூட இருக்கு!"

"பலே! பேட்டண்டுக்கு எப்ப எழுதிப் போட்டீங்க?"

"அதுவா, திருவிழாவுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு."

நாகேந்திரன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "எழுதிப் போடுறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டீங்களா? அப்ப அது புதுசே இல்லண்ணே. பேட்டண்டே ரத்தாயிரும்."

"காட்டுனது நான்தான சார்!"

"நீங்க காட்டுனாலும் அப்படித்தான்."

"இப்ப எவ்வளவு வாய்ப்பு?"

"அந்தம்மாவுக்குத் தெரியாத வரைக்கும் அம்பது. தெரிஞ்சா பூஜ்யம்."

உக்கிரபாண்டி வாசலுக்கு ஓடினார். அங்கே டீக்கடையில் சாட்சிகள் திருவிழாக் கதையை உரக்க அளந்துகொண்டிருந்தார்கள்.

"அய்யா சாமிகளா, நான் எதையும் பிடுங்கல! திருவிழாவுக்கே வரல! யாரும் மூச்சு விடாதீங்க!"

அதுவரை பாதிப் பேர்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோரும், "ஏன், ஏன்?" என்று பேச ஆரம்பித்தார்கள். வேன் ஊர் திரும்புவதற்குள் ஒருவர் அந்த வீடியோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். 'எங்க ஊரு விஞ்ஞானி' என்று தலைப்பு வேறு.

"மகேசு, கெளம்பு! சமாதானந்தான்! அவ ஸ்டேட்டஸப் பாக்குறதுக்குள்ள போயிரணும்!"

நாகேந்திரனையும் கையோடு இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பறந்தார்கள்.

சுலைகா சிரித்த முகமாக எழுந்து வந்தாள். "வாங்கண்ணே, வாங்க மதினி." டீ வந்தது. அவளே பேச்சை ஆரம்பித்தாள். "நான் விக்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் ஒங்களுக்கு ஒரு பங்கு தாரேன். என் வளைவ நீங்களும் போட்டுக்கங்க. வேற எவனாச்சும் இதச் செஞ்சா மட்டும் ரெண்டு பேரும் சேந்து தடுக்கணும். சம்மதமா?"

உக்கிரபாண்டி போட்ட கையெழுத்தின் வேகத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

வெளியே வந்ததும் அவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "கேக்காமலே பங்கு தந்துட்டாளே மகேசு!"

"மெதுவாப் பேசுங்க," என்று மகேஸ்வரி அவர் கையைக் கிள்ளினாள். "அந்தத் திருவிழா வெவகாரம் மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா…"

வாசலில் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த சுலைகாவின் வெல்டர் காளீஸ்வரன் முகமூடியைத் தூக்கினார்.

"தெரியாம என்ன மதினி? அன்னைக்குப் பொட்டல்ல நானும் அக்காவும் முன்னால நின்னுதான பாத்தோம்! பேட்டண்டு செத்துப்போனா கண்ட பட்டறைக்காரனும் இதச் செஞ்சுருவானேன்னுதான் அக்கா இம்புட்டு நாளா வாயத் தொறக்கல!"