சாலம்மாளின் முழு வருகை

1944ஆம் ஆண்டு, மாணாக்கர் வருகையை மேம்படுத்துவது குறித்து மேலிடம் தீர யோசித்து ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இரண்டரை கஜம் சீட்டித் துணி பரிசு.

காரிமங்கலத்துக்கு மூன்று மைல் தள்ளியிருந்த ஓராசிரியர் பள்ளியில் இதைக் கேட்டதும், பத்து வயதுப் பாஞ்சாலி தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். அதில் துணியைவிட ஒட்டு அதிகம். யுத்த காலம், கடையில் துணியைக் கண்ணால் காண்பதே அரிது. அன்று முதல் அவள் மழையிலும் வந்தாள், காய்ச்சலோடும் வந்தாள். சந்தை நாளில் ஊரே காரிமங்கலம் போய்விடும். வெங்கடாசலம் வாத்தியாரும் பள்ளியைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். பாஞ்சாலி மட்டும் பூட்டிய கதவின் முன்னால் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாள்.

ஆண்டு முடிந்தது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்தார். பரிசு சாலம்மாளுக்கு.

"சாலம்மா காப்பித் தோட்டத்துக்குப் போயி ரெண்டு வருசமாச்சுங்களே சார்" என்றாள் பாஞ்சாலி.

"அதனாலதான் தவறாம வந்திருக்கா. இருபத்தஞ்சு பேருக்குக் குறைஞ்சா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க, அவ பேர எப்படி அடிக்கிறது? இங்க இல்லாதவளுக்குக் காய்ச்சல் வருமா, கடலைக்காய் புடுங்கப் போவாளா?"

"நானும் ஒரு நாளும் நிக்கலைங்களே."

"நீ பதினோரு நாள் வரலைன்னு இருக்குதே. எல்லாம் சந்தை நாளு."

"சந்தைக்கு நீங்கதானே சார் போனீங்க?"

வாத்தியார் கோபிக்கவில்லை. அவர் நியாயஸ்தர். "சந்தை நாளுல அத்தனை பேரும் வந்ததா எழுதினா மேல நம்புவாங்களா? ஒருத்தரையாவது வரலைன்னு போடணும். மத்த புள்ளைங்க வந்ததே கொஞ்ச நாளு. அதுல கை வைக்க மனசு வரல. உங்கிட்டத்தான் நிறைய இருந்துச்சு."

பாஞ்சாலி மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. பரிசு வழங்க இன்ஸ்பெக்டரே எழுந்தருளிவிட்டார். வாத்தியாருக்கு வேர்த்தது. அவள் காதோரம் குனிந்தார். "துணி வேணுமா? சாலம்மான்னு கூப்பிட்டா எந்திரிச்சு வா."

"சாலம்மாள்" என்று அழைத்தார் இன்ஸ்பெக்டர்.

பாஞ்சாலி மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள்.

"ஆஜருங்க."

துணியை அவள் கையில் வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "பாஞ்சாலி என்பது யார்? பதினோரு நாளா?"

"இன்னைக்கும் வரலைங்க" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கல்வியின் அருமை தெரியாத அந்தப் பெண்ணோடு நீ சேராதே அம்மா."

"சேர மாட்டேனுங்க."

அவர் மனம் நிறைந்து, பார்வையாளர் புத்தகத்தில் அன்றைக்கு ஒன்றும், அந்த ஆண்டில் வர வேண்டியிருந்தும் வராத மற்ற இரண்டு தடவைக்கு இரண்டுமாக, மூன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார்.

அடுத்த சந்தை நாளில் பாஞ்சாலி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, தாய் காசியம்மாளோடு காரிமங்கலம் போனாள். கோழி விலை பேசிக்கொண்டிருந்த வாத்தியார் திடுக்கிட்டார்.

"ஏம்மா, பள்ளிக்கூடம் போவலையா?"

"போயிருக்கறேனுங்க சார். சாலம்மா பேருல பாருங்க."

பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர். அவருடைய நாட்குறிப்பின்படி, அந்த நேரத்தில் அவர் அரூர்ப் பக்கம் ஒரு பள்ளியைத் தணிக்கை செய்துகொண்டிருந்தார்.

மூவரும் சற்று நேரம் கத்தரிக்காயையே பார்த்தார்கள்.

"இன்றைக்கு வருகை எப்படி?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பாஞ்சாலி ஒருத்திதாங்க வரல" என்றார் வாத்தியார்.

பாஞ்சாலி வருத்தத்தோடு தலையசைத்தாள். "அவ எப்பவும் அப்படித்தானுங்க."