எனக்கு ஷேவிங் தெரியும்

வாயைத் திறக்காதவனுக்கு வம்பு வராதுன்னு சொல்லுவாங்க. பொய். நான் பேசினதே கம்மி. பேசின ஒரே வார்த்தையில ஒரு கல்யாணத்தைக் கவுக்கப் பார்த்தேன்.

ஆம்பூர் டேனரி ஒண்ணுல எனக்கு ஷேவிங் செக்‌ஷன். ஈரத் தோலை மிஷின்ல கொடுத்து, கனம் ஒரே அளவா வர்ற மாதிரி சீவி எடுக்கற வேலை. டேனரியை மூடிட்டாங்க. வேலூர்ல வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்குப் போனேன். உடம்பு முடியாதவங்களைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டி, கூடவே இருக்கணுமாம். அங்க இருந்தவர் கேட்டது ஒண்ணுதான், கனம் தூக்குவியான்னு. தோல் கட்டே தூக்குவேன்னேன். ட்ரெய்னிங் முடிஞ்சிது. (கழுத்துல ஒரு அட்டை மாட்டி விட்டாங்க. அதுல 'நிபுணர்'னு போட்டிருந்துது.)

அனுப்பின இடம் சாமுவேல் சார் வீடு. கணக்கு வாத்தியாரா இருந்தவர். பைக்ல விழுந்து கழுத்துல அடி. கை கால் வராது. பேச்சு வரும். ரெண்டு ஆளுக்கு வர்ற பேச்சு.

அவர் சம்சாரம் முந்தின நாளே போன்ல கேட்டாங்க, ஷேவிங் தெரியுமான்னு. முன்ன பாத்த வேலையை விசாரிக்கிறாங்கன்னு நெனச்சேன். வருஷக்கணக்கா அதான்மா வேலைன்னேன். தினம் எத்தினி பேர் வருவாங்கன்னாங்க. கணக்கே இல்லம்மா, வந்துனே இருக்கும்னேன். ('இருக்கும்'னுதான் சொன்னேன். 'இருப்பாங்க'ன்னு சொல்லல. அவங்க கவனிக்கல.)

நான் போய்ச் சேர்ந்த அன்னிக்குத்தான் சார் பொண்ணு ஜெனிஃபரைப் பெண் பார்க்க ஆற்காட்டுலருந்து வர்றாங்க. சாரோட மச்சான் ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு. மாப்பிள்ளை வீட்டுக்கு சார் மீசையோட நிக்கிற பழைய போட்டோ போயாச்சு. வீல்சேரைப் பத்தி மூச்சு விடல. சாரை உள்ரூம்ல படுக்க வச்சி ஜுரம்னு சொல்லிடலாம்னாரு. சார் ஒத்துக்கல. என் பொண்ணு, நான்தான் பேசுவேன், ஹால்லதான் உக்காருவேன்னுட்டாரு. என்னைக் கூப்பிட்டு, நல்லா ஷேவ் பண்ணி மீசை ஓரத்தை ஒதுக்கி விடுன்னாரு.

நுரை பூசினேன். கன்னத்தை ரெண்டு விரல்ல புடிச்சிப் பார்த்தேன். பழக்கம்.

"இன்னாப்பா பாக்குற?"

"கனம் சார்."

அவர் கண்ணு சின்னதாச்சு. எந்த சலூன்ல இருந்தேன்னு கேட்டாரு. சலூன் இல்ல சார், டேனரின்னேன். அதுக்குள்ள கை எறங்கிடுச்சு. மிஷின்ல முதல் பாடமே, தோலை நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா கோடு விழும். காதுகிட்ட ஆரம்பிச்சேன். மூக்குக்குக் கீழதான் நின்னேன்.

கண்ணாடி காட்டச் சொன்னாரு. காட்டினேன். ஏன் நிறுத்தலன்னாரு. கோடு விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியையே பார்த்துனு இருந்தாரு.

"மீதியும் எடுத்துடு. பாதி மீசையோட பேசினா பாதிதான் காதுல ஏறும்."

எடுத்தேன். கோடு விழல. (வேலைன்னா வேலை.)

அப்புறம் குளியல். டேனரியில தண்ணின்னா ஹோஸ்தான். இங்கயும் ஹோஸைத் திறந்தேன். சார் கொஞ்சம் நனைஞ்சாரு, நான் முழுசா நனைஞ்சேன். அட்டையும் போச்சு. அம்மா சாரோட வெள்ளைச் சட்டை ஒண்ணு கொடுத்தாங்க. எனக்கு அப்பவே தலை நரைச்சிருந்துது. மீசையும் உண்டு. பெரிசு.

இந்நேரம் உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அவரோட அப்பா உள்ள வந்தாரு. ஹால்ல சார் வீல்சேர்ல, பின்னாடி நான். என் மீசையைப் பார்த்துக் கும்பிட்டாரு. மக்கன் பேடா ஸ்வீட் டப்பாவை என் கையில வச்சாரு. வாங்கிக்கிட்டேன். (கொடுத்தா வாங்கணும்ல.) மச்சான் பார்த்தாரு, திருத்தல. அவர் போட்ட ஏற்பாட்டை விட இது நல்லா இருந்துது. சாரும் வாயைத் திறக்கல. பிட் அடிக்கறவனைக் கொஞ்ச நேரம் விட்டுப் பிடிக்கிற வாத்தியார் அவர்.

மாப்பிள்ளையோட அப்பா என்னையே கேட்டுனு போனாரு. கல்யாணத்தை எங்க சர்ச்சுலயே வச்சிக்கலாமா? சரிங்கன்னேன். பொண்ணு நர்ஸ் வேலையை விட்டுடலாம்ல? சரிங்கன்னேன். (சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச் சொல்லி, தானா வர்ற வார்த்தை.) கதவுக்குப் பின்னால ஒரு டம்ளர் விழுந்துது.

அப்புறம் சாரைக் காட்டி என்னைக் கேட்டாரு. பெரியவருக்குக் காது கேக்குமா? பாவம், உக்கார கஷ்டமா இருக்கும், உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சிடலாமே?

"சரிங்க."

சொன்னதோட விட்டேனா. டப்பாவை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வீல்சேரைத் தள்ளினேன். அவர் பொண்ணைப் பாக்க வந்த எடத்துலருந்து அவரையே தள்ளிக்கிட்டு உள்ரூம் வாசல் வரைக்கும் போய்ட்டேன்.

"ஏழுமலை. கோடு விழுந்தா விழட்டும். நிறுத்து."

நிறுத்தினேன். திருப்புன்னாரு. திருப்பினேன்.

"பொண்ணுக்கு அப்பா நான்தாங்க. இவரு காலைல வேலைக்கு வந்தவரு. போட்டோவுல இருக்கற மீசை காலைல வரைக்கும் என்கிட்டதான் இருந்துது. மீசையை எடுத்தாரு, சட்டையை எடுத்தாரு. பேச்சையாவது எனக்கு விடச் சொல்லுங்க."

மச்சான் ஃபேனைப் பார்த்தாரு. மறைச்சிட்டீங்களேன்னு சொல்லி மாப்பிள்ளையோட அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போட்டு எழுந்தாரு. மாப்பிள்ளையும் எழுந்தாரு. போச்சுன்னு நெனச்சேன். மாப்பிள்ளை போகல. ஒரு நாற்காலியை இழுத்து சாருக்கு நேரா போட்டு உக்காந்தாரு. அப்பா கேட்டதையெல்லாம் முதல்லருந்து உங்களைக் கேட்டுக்கறோம் சார்னாரு.

கேட்டாங்க. நான் கொடுத்த சரியையெல்லாம் சார் திருப்பி வாங்கினாரு. சர்ச்சா, எங்க சர்ச்தான். வேலையா, அதை என்னை ஏன் கேக்கறீங்க, வேலை பாக்குறவ கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறான்னாரு. விடமாட்டேன்னு கதவுக்குப் பின்னாலருந்து சத்தம் வந்துது. மாப்பிள்ளை சிரிச்சாரு. அவங்கப்பாவும் துண்டைத் தோள்லருந்து எடுத்து மடியில வச்சிக்கிட்டு உக்காந்தாரு.

கல்யாணம் நடந்துது. சார் சர்ச்சுலதான்.

நான் இன்னும் அங்கதான் இருக்கேன். அந்த வீட்டுல இப்ப யோசிக்காம தலையாட்டினா அதுக்குப் பேரு 'ஏழுமலை சரி'. மச்சான் எதையாவது முடிச்சிட்டேன்னு சொன்னா, நெஜ சரியா, ஏழுமலை சரியான்னு அம்மா கேப்பாங்க. ஜெனிஃபர் குழந்தைக்கு இப்பதான் பேச்சு வந்திருக்கு. இன்னும் ஒரு வாய் சோறு வேணுமான்னா 'ஏமலை சரி'ங்குது. வேணாம்னு அர்த்தம்.

இதெல்லாம் என்னைப் பக்கத்துல வச்சிக்கிட்டேதான். சார் மட்டும் என் பக்கம் பார்த்து, இப்படியே சொல்லிக்கலாமாப்பான்னு கேப்பாரு.

நான் இன்னா சொல்லுவேன். சரிங்கன்னுதான்.