ஐம்பது டிகிரியில் ஒரு சிவப்பு கார்

இருபது வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் என் தலை ஆடிவிடும். தெரியும் என்று வாயால் சொல்லக்கூட மாட்டேன், தலை மட்டும் ஆடும். (பிளவுஸ் தைக்கத் தெரியுமா என்று கேட்ட பெரியம்மாவின் துணி அப்படித்தான் தலையணை உறை ஆனது. பெரியம்மா அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.) அந்தத் தலையாட்டலால் 1991இல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொன்றேன். காரின் நீளம் ஒரு சாண்தான். ஆனால் அதற்காக நான் அழுத அழுகை லாரி சைஸுக்கு இருந்தது.

அப்போது பிள்ளைப்பாக்கத்தில் இருந்து சைக்கிளில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டிகளுக்கு வைக்கும் ஸ்விட்ச் செய்கிற கம்பெனி. நான் பேக்கிங். ஸ்விட்சின் மேலே திருகுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும், அதை நாங்கள் 'நாப்' என்போம். கொஞ்ச நாளாக நாங்கள் அனுப்பிய பெட்டிகள் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தன. நாப் திரும்பவில்லை, இறுகிப் பிடிக்கிறது என்று புகார். எப்படி இறுகுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் யார் காரணம் என்பதில் மட்டும் எல்லா செக்‌ஷனும் ஒற்றுமையாக இருந்தது. "பேக்கிங் பொண்ணுங்க அமுக்கி அமுக்கி அடுக்குறாங்க சார்."

நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கு நாற்பது கிலோகூடத் தேற மாட்டோம். எங்களால் எதை அமுக்க முடியும்? இருந்தாலும் தினமும் திட்டு எங்களுக்குத்தான். எப்படியாவது பேக்கிங்கை விட்டு ஓடிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் வரதராஜன் சார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஜப்பானில் இருந்து ஒரு என்ஜினீயர் வந்து போவார். முந்தின தடவை வந்தபோது அவர் சாருக்கு ஒரு பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருந்தார். மேலே பளபளவென்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் படம். உள்ளே கார் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு பசை, மூன்று குட்டி பாட்டில் பெயின்ட், ஒரு பிரஷ். நாமே ஒட்டி, நாமே பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். "அடுத்த முறை வரும்போது இது உங்கள் மேசையில் ஓடத் தயாராக நிற்க வேண்டும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சார் ஒரு நாள் முயன்று பார்த்தார். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் காலை பேக்கிங்குக்கு வந்து கேட்டார்.

"பொண்ணுங்களுக்கு விரல் நல்லா நைசா இருக்கும். இந்த மாதிரி பொடி வேலை செஞ்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?"

என் தலை ஆடியது.

"எஸ்தர், நீ செஞ்சிருக்கியா?"

"செஞ்சிருக்கேன் சார்."

செய்திருந்தது கிறிஸ்துமஸ் குடில். வைக்கோலும் தெர்மாகோலும். அதிலும் ஒரு வருஷம் கூரை சரிந்து சூசையப்பர் மேல் விழுந்தது. அதையெல்லாம் சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கலா மட்டும் என் காதில், "இன்னாடி, புளுகுறியா?" என்றாள். "இதை முடிச்சுக் குடுத்தா குவாலிட்டி செக்‌ஷனுக்கு மாத்துவாருடி" என்றேன். (சார் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். துண்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. முதலில் எல்லாவற்றையும் நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். பெரியது ஒரு தட்டில், சின்னது ஒரு தட்டில், கறுப்பு ஒரு கிண்ணத்தில். அம்மாவே பாராட்டும் அளவுக்குச் சுத்தமான வேலை. காலிச் சட்டங்களை அம்மா வாரிக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டாள்.

பிறகுதான் செய்முறைத் தாளைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. பரவாயில்லை, படம் இருந்தது. படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தது. என் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிலும் நம்பர் இல்லை. நம்பர் எல்லாம் அந்தச் சட்டங்களில் அல்லவா இருந்திருக்கிறது!

ஓடிப்போய்க் குழியில் இறங்கினேன். ஐப்பசி மழைத் தண்ணீர் முழங்கால்வரை. நாலு சட்டம் கிடைத்தது. அவற்றில் நம்பர் இருந்தது, துண்டு இல்லை. வீட்டில் துண்டு இருந்தது, நம்பர் இல்லை. கையில் சட்டத்துடன் குழியில் நின்ற என்னைப் பார்த்து அம்மா கேட்டாள்.

"இன்னாடி எஸ்தரு, கம்பெனில வேலை குடுத்தாங்களா, இல்ல தண்டனை குடுத்தாங்களா?"

குத்துமதிப்பாக ஒட்டத் தொடங்கினேன். எது எங்கே பொருந்துகிறதோ அதுதான் அதன் இடம். எங்கேயும் பொருந்தாததைப் பவுடர் டப்பாவில் போட்டேன். ஸ்டியரிங் விஷயத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. படத்தில் அது இடது பக்கம் இருந்தது. நம் ஊரில் எந்த வண்டியிலும் ஸ்டியரிங் இடது பக்கம் இல்லை. படம் போட்டவன் தப்புச் செய்துவிட்டான் என்று முடிவு கட்டி, வலது பக்கம் மாற்றி ஒட்டினேன். ஆனால் பிரேக் மிதிகளை அதற்கு முன்பே இடது பக்கம் ஒட்டியாகிவிட்டது. ஆக அந்தக் காரை ஓட்ட வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திருப்ப வேண்டும், மற்றவர் நிறுத்த வேண்டும். முன் கண்ணாடியில் பசையோடு பதிந்த என் கட்டைவிரல் ரேகை, டிரைவருக்கு எதிரே சரியாக நடுவில் அமைந்தது.

முடித்தபோது பவுடர் டப்பாவில் பதினோரு துண்டுகள் மிச்சம். கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன், கூடுதலாகவே வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் சிவப்பைத் திறந்தேன். முதல் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தது. அதன் மேலேயே இரண்டாவது, அது சரியில்லை என்று மூன்றாவது. ஜப்பான்காரர் வியாழக்கிழமை வருகிறார். நான் மூன்றாவது பூச்சை முடித்தது புதன்கிழமை சாயங்காலம். வெளியே மழை விடவே இல்லை. துவைத்த தாவணியே மூன்று நாளாகக் காயாத ஊரில், மூன்று பூச்சுப் பெயின்ட் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும் என்று நம்பினேன்.

வியாழன் காலை ஷூ டப்பாவில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய்த் திறந்தால், கார் பலாச்சுளை மாதிரி விரலில் ஒட்டியது. கலா, "ஃபேனுக்குக் கீழ வை, காஞ்சிரும்" என்றாள். வைத்தேன். காயவில்லை. ஃபேன் காற்றில் பறந்து வந்த பஞ்சும் அட்டைத் தூசியும் ஒட்டிக்கொள்ள, காருக்கு இளமீசை முளைத்தது. மணி ஒன்பதரை. ஜப்பான்காரர் வருவது பதினொன்றுக்கு.

அப்போதுதான் ஓவன் ஞாபகம் வந்தது. நாப்களின் மேல் வெள்ளை எழுத்து அச்சடித்து, அதைக் காய வைக்க ஒரு பீரோ அளவு ஓவன் இருந்தது. ஆபரேட்டர் பலராமண்ணன். பஞ்சையும் தூசியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, டப்பாவோடு அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ஓவன் கொஞ்சம் வேணும்."

"இன்னாம்மா இது, பொம்மைய எடுத்தாந்து அடுப்புல வெக்கச் சொல்ற?"

"மேனேஜர் சாரோட காருண்ணே. ஈரமா கீது. எத்தினில வெக்கலாம்?"

"நாப்புக்கு அறுபது வெப்பேன்."

"அப்ப அம்பது போதும்ணே. அரை மணி நேரம்."

"அம்பதுல இட்லி கூட வேகாது. வெச்சுக்க" என்று அவரே முள்ளை ஐம்பதுக்குத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரியாக அரை மணி நேரம் ஆனதும் கதவைத் திறந்தேன்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

கார்தான் இல்லை. அதாவது, இருந்தது. நாலு சக்கரமும் ரப்பர் என்பதால் அப்படியே நின்றன. அவற்றுக்கு நடுவில் கார் படுத்துவிட்டது. கூரை இறங்கி சீட்டில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம், கீழே விழுந்த காசைத் தேடுகிற மாதிரி தரையை நோக்கிக் குனிந்திருந்தது. கலா எட்டிப் பார்த்துவிட்டு, "எஸ்தரு, லாரி ஏறின மாதிரி கீதுடி" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஜப்பான்காரர் அன்றைக்கென்று முன்னாலேயே வந்துவிட்டார். சார் காரை வாங்கிப்போக வேகமாக வந்தார். நான் டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர், மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தார்.

"என்ன பண்ணின?"

"காயலைன்னு ஓவன்ல வெச்சேன் சார்."

"எத்தனைல?"

"அம்பது சார்."

"பொய் சொல்லாதே. அறுபதுல தினமும் ஆயிரக்கணக்குல நாப் காயுது. அம்பதுல கார் உருகுமா? நூத்தம்பதுல வெச்சிருப்ப."

"சத்தியமா அம்பதுதான் சார். பலராமண்ணன்தான் திருப்பினாரு."

பலராமண்ணன் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார். சார் அவரைப் பார்த்தார். அண்ணன் மேலே ஓடுகளைப் பார்த்தார்.

"நான் டீ குடிக்கப் போய்க்கினு இருந்தேன் சார்."

அவ்வளவுதான். ஊரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் புளுகியிருக்கிறேன், ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. மற்ற ஏழு பேக்கிங் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, கதவருகே ஜப்பான்காரரும் வந்து நின்றார்.

அவர் டப்பாவை வாங்கினார். காரை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. என்னிடம், "டெம்பரேச்சர்?" என்றார்.

அழுதுகொண்டே ஐந்து விரலைக் காட்டினேன். பிறகு கையை மூடிப் பூஜ்யம் காட்டினேன். "ஃபிஃப்டி."

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். போச்சு, இவரும் நம்பவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் ஓவன் பக்கம் கையைக் காட்டி, "ஓவன் நாட் ஃபிஃப்டி" என்றார்.

தன் பையில் இருந்து ஒரு நீளமான தர்மாமீட்டரை எடுத்து ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். முள் ஐம்பதிலேயே இருந்தது. எல்லோரும் நின்றோம். பலராமண்ணன் இப்போது எங்கும் போகவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஜப்பான்காரர் கதவைத் திறந்து சாரிடம் காட்டினார். தொண்ணூற்று இரண்டு.

ஓவனின் உள்ளே சூட்டை அளக்கிற கம்பி கிளிப்பில் இருந்து கழன்று, கதவு இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கின் வழியே வெளிக்காற்று வருவதால், பாவம் அது குளிராகவே இருக்கிறது என்று நினைத்து, ஓவனை மேலும் மேலும் சூடாக்கியிருக்கிறது. தினமும் அறுபது என்று வைத்த நாப்கள் நூறு டிகிரியில் வெந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்து, பிறகு எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. நாங்கள் யாரும் எதையும் அமுக்கவில்லை.

கலா கொஞ்சம் சத்தமாகவே, "பாத்துக்கங்க" என்றாள்.

இதில் என் புத்திசாலித்தனம் எள்ளளவும் கிடையாது. மூன்று பூச்சு அடிக்காமல் இருந்திருந்தால் ஓவன் பக்கமே போயிருக்க மாட்டேன். ஜப்பான்காரரும் அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். கிளம்புவதற்கு முன் காரின் நசுங்கிய ஜன்னல் வழியே உள்ளே உற்றுப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டார். மிதியைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை விரலால் அளந்தார். அப்போதுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சார் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ பேக்கிங் வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டது என்று சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து இன்னொரு தவணை அழுதேன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவரே என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா இன்னும் இங்க இருக்க? நாளைக்குக் குவாலிட்டில போய் நில்லு. மணிக்கு ஒரு தடவை ஓவன் டெம்பரேச்சரை எழுதி வைக்கணும். அது ஒண்ணுதான் நீ ஒழுங்கா செஞ்சது." இரண்டடி போய்த் திரும்பி வந்து, "பார்ட்ஸ் மாட்டுற அசெம்பிளி பக்கம் மட்டும் உன்னைப் பாக்கக் கூடாது" என்றார்.

அப்படித்தான் நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள் ஆனேன். அதே வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். அசெம்பிளி பக்கம் போகவில்லை.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது சிங்கப்பெருமாள் கோவில். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஒரகடம் பக்கம் போகிற கார் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, இந்தப் பக்கம் எத்தனை கார் கம்பெனி வந்துவிட்டது என்று வியந்தால் போதும், என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"இவங்கள்லாம் அப்புறம் வந்தவங்க. இந்த ஏரியாவுல மொத காரு செஞ்சதே எங்க வூட்டம்மாதான்."

வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். "அப்படியாங்க? எத்தினி காரு செஞ்சீங்க?"

உள்ளே இருந்து என் மகள்தான் பதில் சொல்வாள். "ஒண்ணுதான் அங்கிள். டெலிவரிக்கு முன்னாடியே ஆக்சிடென்ட்."