கண்டாந்தர யாத்திரிகர்

கண்டாந்தர யாத்திரிகர் என்று ஒரு ரகம் நம் பக்கத்தில் உண்டு. ஒரு கண்டத்தை விட்டு இன்னொரு கண்டத்துக்குப் போய் வந்தவர் என்று பொருள். பொருள் அகராதியில் கிடக்கட்டும், புழக்கத்தைக் கவனியுங்கள்.

ஆனையூர் உக்கிரபாண்டி ரங்கூன் அரிசி மில்லில் எட்டு மாதம் மூட்டை தைத்துவிட்டுக் காய்ச்சலோடு கப்பலேறித் திரும்பியவர். அன்றிலிருந்து அவருக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்வதில்லை, நம் காப்பி காப்பியாகத் தெரிவதில்லை, வைகையில் வெள்ளம் வந்து ஊரே பாலத்துக்கு ஓடினால், இவர் மட்டும் "இதெல்லாம் ஒரு தண்ணியாப்பா?" என்பார். சந்தையில் கத்தரிக்காய் சொத்தையாக இருந்தாலும், "கண்டம் விட்டுக் கண்டம் போனவன்கிட்டயா?" என்று ஆரம்பித்துவிடுவார். எந்தக் கண்டம்? கேட்க நமக்குப் பயம்.

ஒருவர் கேட்டுவிட்டார். அதுவும் உக்கிரபாண்டியின் மகள் பாண்டியம்மாளுக்குப் பரிசம் போடும் நாளில், சபை நடுவில். மாப்பிள்ளை காளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. கண்டம் கடந்த குடும்பம் என்பதற்காகவே சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கருப்பன், எடுத்த தட்டைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, எந்தக் கண்டத்துல இருந்து எந்தக் கண்டத்துக்குப் போனீக?"

உக்கிரபாண்டி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார். மூலையில் பூகோள வாத்தியார் ஞானமுத்து தொண்டையைச் செருமினார். மதுரையும் ஆசியா, ரங்கூனும் ஆசியா என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது உக்கிரபாண்டிக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் பாண்டியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அம்மா அன்னக்கொடி பல்லைக் கடித்தாள்: "அந்தப் பெருமைப் பீத்தலைக் கடல்லயே போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா, இந்த மனுசன்!"

முத்துக்கருப்பன் சம்பந்தியின் காதோரம் குனிந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு எனக்கும் கேட்டது.

"கோவிச்சுக்கிறாதீக. நானும் பினாங்கு போய்ட்டு வந்து பதினஞ்சு வருசமா கண்டம் விட்டுக் கண்டம்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். எதுல இருந்து எதுக்குன்னு எவனாச்சும் கேட்டுட்டா? அதான், வெவரமானவுககிட்டக் கேட்டு வச்சுக்கிருவோம்னு..."

உக்கிரபாண்டிக்குப் போன உயிர் வந்தது.

"அம்புட்டுத்தானா! அதைத் தனியாச் சொல்றேன், மொதல்ல தட்டை எடுங்க!"

தட்டு மாறியது. ஞானமுத்து வாயைத் திறப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு சம்பந்திகளின் பெயருக்கு முன்னாலும் 'கண்டாந்தர யாத்திரிகர்' என்ற பட்டம் கொட்டை எழுத்தில் அச்சானது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது சரி, கண்டங்கள் மொத்தம் எத்தனை? விரலை ஏன் மடக்குகிறீர்கள்?