குட்டி ஹார்ன்

மேனேஜரின் கார் தெருமுனையில் திரும்பும் நேரம். அட்டைப்பெட்டி கம்பெனியின் அலுவலகத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவரோடு அவர்களுக்கு ஓர் ஏற்பாடு. மேனேஜர் உர்ரென்று வந்தால் வாசலில் நீள ஹார்ன். இல்லையென்றால் ஒரே ஒரு குட்டி ஹார்ன். அந்தக் குட்டி ஹார்ன் எப்படி ஒலிக்கும் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

மனிதர் அப்படி. காலையில் "எல்லாப் பெட்டியும் வெள்ளையில போடு" என்பார். மத்தியானம் "எவன் வெள்ளையில போடச் சொன்னது?" என்று கூரை அதிரக் கத்துவார். லீவு கேட்டால் நிற்க வைத்தே சாயங்காலமாக்கிவிட்டு, "அப்புறம் பாக்கலாம்" என்பார்.

டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கு நாளைக்கு லீவு வேண்டும். மகளின் பள்ளிக்கூட நாடகம். போன வருஷம் அவள் மேகமாக நடித்தாள்; இவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் மரம். "இந்த மரத்துக்கு வசனம் இருக்குப்பா" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

அதனால் விடிந்ததுமே டிரைவருக்குப் போன் போட்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு அவர் மூடு எப்படி?"

"இன்னும் வீட்டை விட்டே இறங்கலையே தம்பி. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்ணே! நாளைக்கு லீவு தராம அந்த ஆளு ரூமை விட்டு வெளிய வந்துடுவாரா, பாத்துடறேன்!"

"அடேயப்பா" என்று டிரைவர் போனை வைத்தார்.

இப்போது வாசலில் 'பீப்' என்றது. குட்டி ஹார்ன்! டைப்பிஸ்ட் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

மேனேஜர் உள்ளே வந்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். சுவரோரமாக ஒதுங்கி, பக்கவாட்டில் நடந்து, தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

குமாஸ்தா ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

"முகத்தை உம்முன்னு வெச்சிருப்பீங்க. சிரிச்சுக்கிட்டே கேளுங்க" என்றாள் அவள்.

வாயைக் காது வரை இழுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். கதவு ஓர் இஞ்ச் திறந்தது. ஒரு கண் தெரிந்தது. கண் இவருடைய சிரிப்பைப் பார்த்தது. பிறகு கையைப் பார்த்தது. அப்போதுதான் குமாஸ்தாவும் கவனித்தார், அட்டை அறுக்கும் கத்தியைக் கீழே வைக்காமலே வந்திருக்கிறார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"ஐயோ சார், இது பெட்டிக்கு!" என்று கத்தினார். உள்ளே நாற்காலியோ மேஜையோ நகர்ந்து வந்து கதவில் முட்டும் சத்தம் கேட்டது.

"கெடுத்தீங்களே காரியத்தை! ஒரு டீ கொண்டுபோய்க் குடுங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

கொண்டுபோனார்.

"வேண்டாம்! நீயே முதல்ல குடி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

குடித்தார். நல்ல டீதான்.

இனி ஒரே வழி, ஆள் வெளியே வரும்போது பிடிப்பது. கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. பெட்டி எந்த நிறம் என்று யாரும் மாற்றிச் சொல்லாததால் பெட்டிகள் மளமளவென்று வண்டியேறின. டைப்பிஸ்ட் அம்மா முதன்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார். பேக்கிங்கில் யாரோ பாட்டுப் பாடினார்கள். கம்பெனிக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. குமாஸ்தாவுக்கு மட்டும் மரத்தின் முகமே கண்ணுக்குள் நின்றது. இந்தத் தடவையும் ஏமாற்றினால் அவள் அழக்கூட மாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்காது.

சாயங்காலம் துணிந்து கடைசியாகத் தட்டினார்.

"சார், ஒரே ஒரு விஷயம்..."

"லீவுதானே? எடுத்துக்கப்பா! நாளைக்கு எடுத்துக்க! வேணும்னா நாளன்னைக்கும் எடுத்துக்க! மொதல்ல அந்த ஸ்டூலை எடுத்துடு!"

குமாஸ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. குதித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் டிரைவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிடைச்சிடுச்சு! ஆனா ஒண்ணு புரியலை. நான் லீவுன்னு வாயே திறக்கலை. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டிரைவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க மட்டுமா மூடு கேக்கறீங்க தம்பி? தினம் கார்ல ஏறினதும் அவரும் என்கிட்ட உங்க மூடைத்தான் கேப்பாரு. 'எல்லாரும் சாதுவா இருக்காங்க'ன்னு சொன்னாத்தான் தைரியமா உள்ள வந்து கத்துவாரு!"