அணையாத அடுப்பு

மெக்கானிக் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். சவரம் செய்தான். சட்டையை மாட்டினான். அறையைப் பூட்டும் முன் திரும்பி, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். அது விடுதி அறை. அதில் அடுப்பே கிடையாது. பூட்டினான். மறுபடி திறந்து, அடுப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு பூட்டினான்.

"கிளம்பலாமா மாமா?" என்றான் நடையில் நின்ற மச்சினன்.

மெக்கானிக்கை இந்த நாட்டுக்கு அனுப்பியது கம்பெனி. அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரம் ஒன்றைப் பாகம் பாகமாகப் பூட்டி ஓடவிட்டு வர வேண்டும். மச்சினனை யாரும் அனுப்பவில்லை. தானே டிக்கெட் எடுத்து வந்திருந்தான். பதினோரு மாதமாக இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறான். வினையை மெக்கானிக்கே தேடிக்கொண்டான். மனைவி இறந்த அன்று, அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டு மச்சினன் அழுதான். பார்க்கச் சகிக்காமல், 'தம்பியைப் பாத்துக்கங்க' என்றாள் என்று சொல்லிவைத்தான். மறுவாரமே தம்பி பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டான்.

அன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. ஊர் சுற்றப் போனவர்களை மழை பிடித்துக்கொண்டது. ஒரு சந்தில் ஒதுங்கிச் சாய்ந்தார்கள். சாய்ந்த கதவு திறந்துகொண்டது. உள்ளே ஐந்து மேசைகள், ஆவி, கரண்டிச் சத்தம். பழைய சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாள் எதுவும் கேட்காமல் இரண்டு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

மெக்கானிக் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். பல மாதங்களுக்குப் பிறகு நாக்குக்கு ஏதோ தெரிந்தது. கிண்ணம் காலியானதும் கை கழுவ எழுந்தான். சமையலறையைத் தாண்டித்தான் குழாய்.

திரும்பி வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த சட்டத்துக்கு நேராகப் போனைப் பிடித்து, அது மொழிபெயர்த்ததைப் படித்துக்கொண்டிருந்தான் மச்சினன்.

"மாமா, இதைக் கேளுங்க. இந்த அம்மாவோட கொள்ளுத்தாத்தா பத்தவச்ச அடுப்பாம். தொண்ணூறு வருஷமா அணைஞ்சதே இல்லையாம். விறகுலேருந்து கேஸுக்கு மாறினப்பகூட அந்தத் தீயிலேருந்தே பத்தவச்சாங்களாம். பெரிய அண்டா ஒண்ணு எந்நேரமும் சின்னத் தீயில கொதிச்சுக்கிட்டே இருக்குமாம்."

"மூடி போட்ட அண்டாவா?"

"ஆமா. பாத்தீங்களா?"

"அணைச்சிட்டேன்."

"எதை?"

"பக்கத்துல யாருமே இல்ல. கை பாட்டுக்குத் திருகிடுச்சு."

மச்சினன் கரண்டியைக் கீழே வைத்தான். "தொண்ணூறு வருஷம், மாமா."

மெக்கானிக் சமையலறைக்கு ஓடினான். கடைக்கார அம்மாளை உள்ளே வரவிடாமல் பார்த்துக்கொள்வது மச்சினன் பொறுப்பு என்று முடிவானது.

இயந்திரங்களையே பூட்டுகிறவனுக்கு அடுப்பு ஒரு பொருட்டா? தீப்பெட்டியைத் தேடினான். தீயே அணையாத சமையலறையில் தீப்பெட்டி எதற்கு இருக்கும்? குமிழைத் திருகினால் தானாகப் பற்றுமோ என்று அழுத்திப் பார்த்தான். குமிழ் கையோடு வந்துவிட்டது.

வெளியே மச்சினன், பேச்சை வளர்ப்பதற்காகப் போன் வழியாக அடுப்பின் வரலாற்றை விசாரித்தான். வெளிநாட்டுக்காரர் யாரும் அதுவரை கேட்டதில்லை போலும். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் போதாது, காட்டியே தீர வேண்டும் என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மற்ற மேசைக்காரர்களும் பின்னாலேயே எழுந்தார்கள்.

காலடிச் சத்தம் நெருங்கியது. மெக்கானிக் குமிழும் கையுமாக நின்றான். மூலையில் பாத்திரக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். குமிழை வாங்கிச் செருகினாள். இடுப்பிலிருந்து லைட்டரை எடுத்து ஒரு சொடுக்கு. நீலத் தீ குபுக்கென்று எழுந்தது. கதவு திறந்தது.

தொண்ணூறு வருடத் தீயை எல்லோரும் படம் பிடித்தார்கள். அம்மாள் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் அதைக் காட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் பாத்திரம் கழுவும் பெண் மெக்கானிக்கின் போனை வாங்கி, அதனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். போன், செய்தி வாசிக்கும் குரலில் உரக்கச் சொன்னது: "அஞ்ச வேண்டாம். வாரம் ஒருமுறை அணையும். காற்று வீசினால் இருமுறை. அம்மையாரிடம் கூறிவிடாதீர்கள். அவர் மனம் தாங்காது."

மெக்கானிக் பதறிப்போய் போனைப் பொத்தினான். பிறகுதான், அந்தக் கடையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்பது நினைவுக்கு வந்தது.

மழை விட்டிருந்தது. சந்தின் முனைக்கு வந்ததும் மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"மாப்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க அக்கா கடைசியா சொன்னது அது இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என்னைத் தண்டச்சோறுன்னு கூப்பிட்டவ மாமா அவ. அவளாவது, என்னைப் பாத்துக்கச் சொல்றதாவது. இல்லாத அடுப்பைத் தினமும் ரெண்டு தடவை பாக்கிற ஆளைத் தனியா விட முடியுமா? அதான் நம்பின மாதிரி இருந்துட்டேன்."

மெக்கானிக் நின்றான். பிறகு நடந்தான்.

"நிஜமா என்னதான் மாமா சொன்னா?"

அன்று ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் கதவுக்குள் போகும்போது அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்திருந்தாள்.

"'பால் வச்சிருந்தேனே, அடுப்பை அணைச்சீங்களா?'ன்னு கேட்டா."